அன்னக்கொடி வீட்டுத் தண்ணி

நில்லுங்க தம்பி, நில்லுங்க. கல்தொட்டி பாக்கத்தானே வந்தீங்க? கழுத்துல கேமராவைத் தொங்கவிட்டுக்கிட்டு இந்த மேட்டுல மூச்சிரைக்க ஏறுற ஆளு வேற எதுக்கு வருவான்? தொட்டி எங்கயும் ஓடிப்போயிராது. இத்தனை தலைமுறையா அங்கதான் கெடக்கு. சித்த உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

இது நம்ம காட்டேஜுதான். போர்டு பாத்தீங்களா, ‘மிஸ்ட் பேரடைஸ்’. என் மச்சினன் மகன் வெச்ச பேரு. அர்த்தம் எனக்கும் தெரியும். பனிமூட்டச் சொர்க்கம். இந்தத் தொட்டிப்பாறையில இருக்கற பயலுகளுக்குச் சொர்க்கமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. பூண்டைப் போடு, கேரட்டைப் புடுங்கு, மந்தையில உக்காந்து ஊர்க்கதை பேசு. அம்புட்டுத்தான் அவனுக பொழப்பு.

என்ன கேட்டீங்க, எந்தக் காலத்துத் தொட்டின்னா? எவனுக்குத் தெரியும். பூதம் வந்து ஒரே ராத்திரியில குடைஞ்சிட்டுப் போச்சுன்னு ஒரு கூட்டம் சொல்லும். பூதத்துக்கு வேற சோலி இல்ல பாருங்க. ராசா வெட்டுனதுன்னு இன்னொரு கூட்டம். எந்த ராசா இந்தக் குளிர்ல இங்க வந்து உளியைப் புடிச்சான்? எங்க பாட்டன் பூட்டன் எவனாவது வேலைவெட்டி இல்லாம வெட்டியிருப்பான். மூணு தொட்டி, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. மேல பாறை இடுக்குல ஊத்து. அது தூம்பு வழியா முதல் தொட்டிக்கு வரும். அது குடிக்க. அது ரொம்புனா ரெண்டாந்தொட்டி, தொவைக்க, குளிக்க. அதும் ரொம்புனா மூணாந்தொட்டி, ஆடு மாட்டுக்கு. அவ்ளோதான் விசயம். இதுல என்ன அதிசயம் இருக்கு, மெட்ராஸ்ல இருந்து பஸ் ஏறி வந்து படம் எடுக்க?

கோவிச்சுக்காதீங்க. நீங்க படிச்ச பிள்ளை. உங்களைச் சொல்லல. இந்த ஊரைச் சொல்றேன்.

நானும் ஒரு தொட்டி கட்டியிருக்கேன். அந்தா பின்னாடி. சிமெண்டுத் தொட்டி, உள்ள நீலப் பெயிண்ட். வர்ற கெஸ்ட்டு உள்ள எறங்கி நீந்தலாம். அதை ஒரு பய படம் எடுத்தானா? இப்பப் போய்ப் பாக்காதீங்க, தவளை கெடக்கு. அது ஒரு கதை.

காட்டேஜுன்னு ஒண்ணு கட்டினா தண்ணி வேணுமா வேணாமா, நீங்களே சொல்லுங்க. பட்டணத்து ஆளுக வந்தா காலையில ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல். இந்தக் குளிருலயும் குளிப்பாங்க. குடத்துல சுமந்து மாளுமா? அதனால ஊத்துக்கண்ணுகிட்டயே ஒரு டிரம்மை வெச்சு, ஓஸ் பைப்பு சொருகி, நேரா இங்க கொண்டாந்தேன். மூளை வேணும் தம்பி அதுக்கு. இத்தனை தலைமுறையா ஒருத்தனுக்காவது தோணுச்சா? தூம்புல சொட்டுச் சொட்டா விழறதைப் பாத்துக்கிட்டு, குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கத்தான் தெரியும். தண்ணி தானா வீடு தேடி வரும்னு காட்டினவன் நான். அதுக்கு எனக்கு மாலை போட்டிருக்கணும்.

போன மாசி வரைக்கும் ஒருத்தனும் வாயைத் திறக்கல. மாசி கழியவும் ஆரம்பிச்சாங்க. ‘மூணாந்தொட்டிக்குத் தண்ணி எறங்கல’ன்னு. எறங்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்? வெயில் காலம். ஊத்து சுருங்கத்தான் செய்யும். அதுவும் நான் முழுசா எடுக்கலையே. நீச்சல் தொட்டி ரொம்புற வரைக்கும்தான் எடுப்பேன். அது ரொம்பவே ரொம்பாது, அடியில எங்கயோ கசிவு. அதுக்காக ஓஸை நிறுத்த முடியுமா?

என் வீட்டுக்காரிதான் முதல்ல வந்து சொன்னா. அன்னக்கொடி. நல்ல குணமானவதான், ஆனா ஊர்ப்பேச்சைக் கேப்பா. சோத்தைப் போட்டுட்டே சொல்றா: “இந்தாருங்க, ராத்திரிக்காவது ஓஸைக் கழட்டி விடுங்க. மாடுக தொட்டியை நக்கிட்டுப் போகுதுங்க.”

“மாட்டுக்குப் பாத்தா மனுசன் பொழைக்கிறதா?”ன்னு கேட்டேன்.

“மாட்டை வெச்சுத்தான் இங்க பாதிப்பேரு பொழைக்கிறாங்க”ன்னா.

பொம்பளை நியாயம். கையைக் கழுவிட்டு எந்திரிச்சிட்டேன்.

இதுக்கு நடுவுல செவந்தின்னு ஒருத்தி. புருசன் இல்ல, ஒரே ஒரு மயிலைப் பசு. டீக்கடைக்குப் பால் ஊத்தித்தான் ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறா. மூணாந்தொட்டியில தண்ணி இல்லேன்னு மாட்டை ஓட்டிக்கிட்டு கீழ பள்ளத்துக்கு எறங்கியிருக்கா. அது சறுக்குப் பாறை. ஆடு எறங்கும், மாடு எறங்குமா? காலு வழுக்கி உருண்டு போச்சு. அவ கத்துன கத்து இங்க வரைக்கும் கேட்டுச்சு. அன்னைக்கு கெஸ்ட்டு ரெண்டு பேரு இருந்தாங்க, புதுசாக் கல்யாணம் ஆனவங்க. “என்ன அங்கிள் சத்தம்?”னு பயந்துட்டாங்க. நரியா இருக்கும்னு சொல்லி வெச்சேன்.

மாடு செத்துப்போச்சு. பாவந்தான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நானா தள்ளிவிட்டேன்? சறுக்குப் பாறையை நானா செஞ்சு வெச்சேன்? மாடு மேய்க்கறவளுக்குப் பாதை தெரிய வேணாமா? இதையெல்லாம் எவன்கிட்டக் கேட்டாலும் என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போவான். டீக்கடையில நான் உக்காந்தா பெஞ்சு காலியாகுது. அம்புட்டு மரியாதை.

அன்னக்கொடி போனவ, ரெண்டு நாளு செவந்தி வீட்லயே இருந்துட்டா. எனக்கு யார் சோறு போடுவா? நானே கஞ்சி வெச்சேன், அது தீஞ்சு போச்சு. மூணாம் நாள் வந்தா. நேராத் தொழுவத்துக்குப் போனா. சினையாயிருந்த செம்பூத்து நிறக் கிடாரியை அவுத்தா, கயித்தைப் புடிச்சுக்கிட்டு நடந்துட்டா.

“எங்கடி ஓட்டிட்டுப் போற?”

“செவந்தி வீட்டுக்கு.”

“யாரைக் கேட்டு?”

“கிடாரியோட ஆத்தாளை எங்கப்பன் எனக்குக் குடுத்தப்ப யாரைக் கேட்டாரு?”ன்னு கேட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டா.

சரி, அது அவ சீதனமா வந்த மாட்டோட கன்னுதான். ஒத்துக்கறேன். ஆனா அது தின்ன புல்லு யாரு காட்டுப் புல்லு? வெட்டிப் போட்டவ அவதான், அது வேற விசயம். காடு என் பேர்ல இருக்கு.

அதோட விட்டாளா? கேளுங்க கூத்தை.

பங்குனி கடைசி. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு குடும்பம் வந்திருந்துச்சு. பெரிய ஆபீசரு. நல்லாத் தலை முழுக்க சோப்பு போட்டிருக்காரு. தண்ணி நின்னு போச்சு. மனுசன் துண்டைக் கட்டிக்கிட்டு, கண்ணைத் தொறக்க முடியாம, சுவரைத் தடவித் தடவி வெளிய வர்றாரு. “என்னய்யா இது, என்னய்யா இது”ங்கறாரு. அவரு சம்சாரம் சிரிக்குது. எனக்கு மானம் போச்சு. ஓஸைப் புடிச்சுக்கிட்டே மேட்டுக்கு ஓடினேன். பாதி வழியில, ஓஸு துண்டு துண்டாக் கெடக்கு. ஒரு எடத்துல வெட்டியிருந்தா ஒட்டவெச்சிரலாம். முருங்கைக்காய் நறுக்குன மாதிரி நறுக்கிப் போட்டிருக்கு. டிரம்மை உருட்டிப் பள்ளத்துல விட்டாச்சு. ஊத்துத் தண்ணி பழையபடி தூம்புல எறங்குது. பொம்பளைக எல்லாம் குடத்தை வெச்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்குதுக.

“யாருடி அறுத்தது?”ன்னேன். ஒருத்தி குடத்தைத் தூக்கி இடுப்புல வெச்சா, அடுத்தவ தூம்படிக்கு நகந்தா.

நான் விடுவேனா? நாட்டாமையைப் பாத்து ஊர்க்கூட்டம் போடச் சொன்னேன். சோலையப்பருன்னு பேரு. காது மந்தம், ஆனா தனக்கு வேண்டியது கேக்கும். மந்தையில ஊரே கூடிருச்சு. இப்படி ஒரு கூட்டம் கோயில் திருவிழாவுக்குக்கூட வந்ததில்ல. நான் எந்திரிச்சு நின்னு, முறையா, மரியாதையாப் பேசினேன். “ஒரு மனுசன் முன்னுக்கு வர்றது பொறுக்காம பொருளைச் சேதப்படுத்தியிருக்காங்க. யாருன்னு கண்டுபுடிச்சு அபராதம் போடணும். நம்ம ஊருக்கு நாலு பேரு வந்து போனாத்தான் ஊரு முன்னேறும்”னு. நல்லாத்தான் பேசினேன். ஒரு பய கையைத் தட்டல.

நாட்டாமை கேட்டாரு, “அறுத்தது யாருப்பா?”

பொம்பளைக பக்கத்துல இருந்து ஒருத்தி எந்திரிச்சா. “நான்தாங்க.”

யாருங்கறீங்க? என் பொண்டாட்டி!

தம்பி, எனக்குத் தலை சுத்திருச்சு. பத்துப் பேரு சிரிக்கறான். கோட்டைச்சாமின்னு ஒரு பய, சீட்டாட்டத்துல என்கிட்டத் தோத்த கோவம் அவனுக்கு, தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கறான்.

“ஏம்மா அறுத்த?”ன்னாரு நாட்டாமை.

அவ கையைக் கட்டிக்கிட்டு நின்னா. சத்தமாக்கூடப் பேசல. “நாலு தடவை சொல்லிப் பாத்தேனுங்க. கேக்கல. செவந்தி மாடு போச்சு. அடுத்து பள்ளத்துல எறங்கறது மாடா இருக்குமோ பிள்ளையா இருக்குமோன்னு எனக்குத் தூக்கம் வரல. அதான் அறுத்தேன். திரும்பப் போட்டாலும் அறுப்பேன்.”

“பாத்தீங்களா திமிரை!”ன்னு நான் எந்திரிச்சேன். “ஊத்து என் காட்டு வரப்பை ஒட்டி இருக்கு. எனக்குத் தண்ணியில உரிமை உண்டு. புருசன் வெச்ச ஓஸைப் பொண்டாட்டி அறுத்தா அது வீட்டு வழக்கு. நான் பாத்துக்கறேன். ஊரு என் உரிமையைச் சொல்லட்டும்”னேன்.

அப்பத்தான் அந்தக் கோட்டைச்சாமி எந்திரிக்கறான். “நாட்டாமை, ஒரு சந்தேகம். தை மாசம் தொட்டி கழுவற அன்னிக்கு இவரு எப்ப வந்தாரு?”

அது ஒரு வழக்கம் இங்க. வருசத்துக்கு ஒருக்கா, பொங்கல் கழிச்சு, மூணு தொட்டியையும் எறைச்சுட்டு, பாசியை மண்ணும் தேங்காநாரும் போட்டுத் தேய்ப்பாங்க. வீட்டுக்கு ஒரு ஆளு. ஐஸ் மாதிரித் தண்ணி, காலு மரத்துப் போகும். நான் எங்க போறது? அந்த நேரம்தான் பொங்கல் லீவு, கெஸ்ட்டு வர்ற நேரம். எனக்கு வேலை இல்லையா?

“நான் வரலேன்னா என்ன, என் வீட்ல இருந்து ஆளு வந்துச்சுல்ல?”ன்னேன்.

“வந்துச்சு”ன்னான் கோட்டைச்சாமி. “அன்னக்கொடி வந்துச்சு. ஒரு வருசங்கூட விடாம வந்துச்சு. கை முறிஞ்சு கட்டுப் போட்டிருந்தப்பவும் ஒத்தைக் கையால தேய்ச்சுச்சு. நாங்க வேணாம்னோம், கேக்கல. ‘எங்க வீட்டு முறை விட்டுப் போயிரும்’னுச்சு.”

அது எனக்கே புதுச் சேதி தம்பி. கை முறிஞ்சது தெரியும். நான்தான் கட்டுப்போட ஜீப்புல கூட்டிட்டுப் போனேன். தொட்டிக்குப் போனது தெரியாது. சொன்னாத்தானே தெரியும்? வீட்ல ஒரு விசயத்தைச் சொல்ற பழக்கமே இல்ல அவளுக்கு. நான் பேசிட்டே இருப்பேன், அவ கேட்டுக்கிட்டே இருப்பா. அப்ப சொல்லியிருக்கலாம்ல?

கடைசியில நாட்டாமை தீர்ப்புச் சொன்னாரு. தீர்ப்பாம் தீர்ப்பு. வாயில வெத்தலையைக் குதப்பிக்கிட்டே சொல்றாரு: “தொட்டி தேய்ச்ச கைக்குத்தான் தண்ணி. இது நம்ம முறை. அழகுராசா வீடுன்னு இனிமே தொட்டியில ஒரு வீடு கிடையாது. அது அன்னக்கொடி வீடு. அழகுராசாவுக்குத் தண்ணி வேணும்னா தாராளமா வரட்டும். யார் வீட்டுக் குடம்னு கேட்டா, அன்னக்கொடி வீட்டுக் குடம்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போகட்டும்.”

அழகுராசா யாருன்னா, நான்தான். எங்கப்பன் பேரைச் சொன்னா அந்தக் காலத்துல அடிவாரம் வரைக்கும் தெரியும். நான் போய்த் தூம்படியில குடத்தை வெச்சுக்கிட்டு, அந்தப் பொம்பளைக மூஞ்சிக்கு முன்னால, ‘அன்னக்கொடி வீட்டுக் குடம்’னு சொல்லணுமாம். சிரிக்காதீங்க தம்பி. உங்க வீட்ல நடந்தா தெரியும்.

ஊரே தலையை ஆட்டுச்சு. என்கிட்ட உரம் கடன் வாங்குனவன், என் கல்யாணத்துல பந்தி பரிமாறுனவன், எல்லாவனும் தலையை ஆட்டறான். இவனுகதான் என் ஊர்க்காரனுக.

வீட்டுக்கு வந்தேன். அவ எனக்கு முன்னாடியே வந்து அடுப்பைப் பத்த வெச்சிருந்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி. “கை காலு கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்”ங்கறா. அண்டா நெறையத் தண்ணி.

“இது யார் வீட்டுத் தண்ணி?”ன்னு கேட்டேன்.

அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. “நீங்க எங்கயும் போய் எந்தப் பேரையும் சொல்ல வேணாம். நான் கொண்டாந்து வெக்கிறேன். நீங்க குடிங்க”ன்னா.

“அன்னக்கொடி வீட்டுத் தண்ணி எனக்கு வேணாம்.”

அவ கரண்டியைக் கீழ வெச்சா. “இத்தனை வருசமா அழகுராசா வீட்டுத் தண்ணியைத்தான் நான் குடிச்சேன். எனக்குத் தொண்டையில நிக்கலையே. உங்களுக்கு மட்டும் ஏன் நிக்குது?”ன்னா.

பொம்பளைகிட்ட வாதாடக் கூடாதுன்னு வெளிய வந்துட்டேன். போர்வையும் ரெண்டு வேட்டியும் எடுத்துக்கிட்டு நேரா இந்தக் காட்டேஜுக்கு வந்தவன்தான். இன்னும் எறங்கல. எறங்கவும் மாட்டேன். அவளாத்தான் மேல வரணும். ஒரு தடவை வந்தா. இந்த வாசல்ல நின்னா. “போதுங்க, வாங்க”ன்னா. நான் பேப்பர் படிக்கற மாதிரி இருந்துட்டேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டா. இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தா யோசிச்சிருப்பேனோ என்னவோ. கூப்பிடல. அம்புட்டுத்தான் அவளுக்கு அக்கறை.

மொதல்ல டவுன்ல இருந்து ஜீப்புல தண்ணி எறக்கினேன். சீசன் வந்துச்சு, ஜீப்காரன் டூரிஸ்ட்டை ஏத்திக்கிட்டுத் திரியறான், எனக்குத் தண்ணி கொண்டாருவானா? போனை எடுக்கறதில்ல. கெஸ்ட்டு வர்றவன் தண்ணி இல்லேன்னதும் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடறான். ரெண்டு கோடை மழை பேஞ்சுச்சு. அதுல நீச்சல் தொட்டியில முழங்கால் தண்ணி நின்னுச்சு, தவளை குடியேறிருச்சு. ராவெல்லாம் கத்துது.

கல்தொட்டியா? அது மூணும் ரொம்பி வழியுது. ரெண்டு மழை பேஞ்சுதுல்ல, அதனால. ஊர்க்காரன் ஓஸை அறுத்ததாலதான்னு சொல்லிட்டுத் திரியறான். அறிவு கெட்டவனுக. இங்க இருந்து பாத்தாலே தெரியும், அந்தா, அந்த வேலிக்கு மேல எட்டிப் பாருங்க. சிவப்புச் சேலை, செவந்தி. கிடாரிக்குத் தண்ணி காட்டறா. கன்னு போட்டிருச்சு, காளைக்கன்னு. விடியக்காலையில முதல்ல கோட்டைச்சாமி பொண்டாட்டி வருவா. அப்புறம் ஸ்கூல் பிள்ளைக. அன்னக்கொடி எப்பவும் கூட்டம் கொறைஞ்சப்புறம்தான் வருவா. ஒரு குடம் எடுத்து வெச்சிட்டு, இடுப்புல கையைக் குடுத்துக்கிட்டு, இந்தப் பக்கம் பாத்துட்டு நிப்பா. முறிஞ்ச கை குளிருக்கு வலிக்கும் போல, தேய்ச்சு விட்டுக்குவா. நான் ஒண்ணும் பாத்துக்கிட்டு இருக்கல. நாற்காலி இப்படித்தான் கெடக்கு, கண்ணுல படுது.

எந்திரிச்சிட்டீங்களா? இருங்க, இருங்க. வெயில் தாழ்ந்தாத்தான் படம் நல்லா வரும்னு போன வாரம் வந்த பையன் சொன்னான். உங்களை மாதிரித்தான், கேமரா வெச்சிருந்தான். ரொம்பத் தங்கமான பிள்ளை. போறப்ப இந்தக் குடத்தைக் கொண்டுபோய்த் தண்ணி புடிச்சாந்து குடுத்தான். வெளியூர் ஆளு கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டாளுக. உங்களுக்குன்னு சொல்லுங்க. என் பேரு வேணாம்.

யார் வீட்டுக் குடம்னு கேட்டாளுகன்னா… கேப்பாளுக. நீங்க அந்தப் பேரைச் சொல்லிருங்க. உங்களுக்கு என்ன, பேருதானே? நீங்க சொல்லலாம். தப்பில்ல.

அவ அங்க நின்னா ஒண்ணும் பேசிக்காதீங்க. காய்ச்சல் கீச்சல் வந்துச்சான்னு கேட்டா, நல்லாக் கல்லு மாதிரி இருக்காருன்னு சொல்லுங்க. இருமலைப் பத்திச் சொல்லாதீங்க. போன வாரம் அந்தப் பையன்கிட்டத் தண்ணியோட ஒரு தூக்குவாளியும் குடுத்து விட்டிருந்தா. ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். நான் கேக்கல தம்பி, சத்தியமாக் கேக்கல. பட்டணத்துப் பிள்ளை பசியா இருக்கும்னு குடுத்திருப்பா. அந்தப் பையனுக்கு அது எறங்கல. வீணாப் போகக் கூடாதேன்னு நான் சாப்பிட்டேன்.

அந்தா, சன்னல்ல கவுத்து வெச்சிருக்கேன் பாருங்க தூக்குவாளி. அதையும் எடுத்துட்டுப் போய் அவ கையில குடுத்துருங்க. சும்மா குடுங்க, எதுவும் சொல்ல வேணாம். யார் இவ்ளோ சுத்தமாக் கழுவி வெச்சதுன்னு கேட்டாள்னா, நீங்க கழுவினதாவே இருந்துட்டுப் போகட்டும்.